நிழலில் எடுத்த அளவு

ஷர்பானுவுக்குக் கோபம் வந்தால் முதலில் ரசமட்டத்தைத் தேடுவாள். கத்துவதெல்லாம் அளந்து முடித்த பிறகுதான். 2022 செப்டம்பர் 14, புதன்கிழமை, காலை ஏழு இருபதுக்கு அய்காஸில் புதிதாகக் கட்டிய பிளாட்பாரத்தின் கிழக்கு முனையில் நின்றபோதும் அப்படித்தான். தண்டவாளத்தின் தலையிலிருந்து பிளாட்பாரத்துக்கு ஒரு நீளச் சட்டத்தைப் போட்டாள். அதன்மேல் ரசமட்டத்தை வைத்தாள். மண்டியிட்டு அளவு நாடாவை இழுத்தாள். எழுந்தாள். சட்டத்தைத் திருப்பிப் போட்டு மறுபடியும் அளந்தாள். அதே பதினாலு சென்டிமீட்டர்.

பிளாட்பாரம் தண்டவாளத்தைவிட இருபது சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். அது பதினாலு சென்டிமீட்டர் கீழே கிடந்தது.

"த்சோய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். அவளுக்கு அடுத்தபடியான ஆள் த்சோய், கொரியர், பத்தொன்பது வருடமாக அவளோடு வேலை செய்பவர். ஓடி வந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஷெக்கே, இங்கேருந்து வண்டியில ஏறணும்னா டிக்கெட்டோட ஒரு குதிரையும் சேர்த்துக் குடுக்கணும்."

"சிரிக்காதேய்யா. என் தங்கச்சி ஏறப்போற இடம் இது."

த்சோய் சிரிப்பை விழுங்கினார்.

ஷர்பானு 1966இல் பிறந்தவள். இருபது வயதில் தண்டவாளக் கேங்கில் சேர்ந்தாள். ஜல்லி அள்ளினாள், ஸ்லீப்பர் கட்டை சுமந்தாள். 2007 முதல் தண்டவாள மேஸ்திரி. கீழ்ப்பாதையில் பதினாலு கிலோமீட்டர் அவள் பொறுப்பு. மரியாதைக்குரியவர்களின் பெயரை முறித்துப் பின்னால் ஒரு 'க்கே' ஒட்டிக் கூப்பிடும் ஊர் அது. அவளை எல்லோரும் ஷெக்கே என்றார்கள். அந்தப் பதினாலு கிலோமீட்டரில் எந்த இடத்தில், எந்த ஆண்டில், எத்தனை சென்டிமீட்டர் ஜல்லி போட்டுத் தண்டவாளத்தைத் தூக்கினார்கள் என்று அவள் ஒரு பதிவேடு வைத்திருந்தாள். அய்காஸுக்குக் கிழக்கே 1991இல் பதினொன்று. 2004இல் பதினாலு. 2016இல் ஒன்பது. கூட்டினால் முப்பத்திநாலு. வசந்தத்தில் பனி உருகி அந்தக் களிமண் சேறாகும். தூக்காவிட்டால் தண்டவாளம் மூழ்கிவிடும்.

அந்த ஊர் மொழியில் அய்காஸ் என்றால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுவது. மல்லுக்கட்டுவது என்றும் பொருள். வடக்கிலிருந்து தெற்கே போகும் மேல்பாதை அங்கே ஒரு பாலத்தின் மீது போகிறது. கிழக்கிலிருந்து மேற்கே நகரத்துக்குப் போகும் கீழ்ப்பாதை அந்தப் பாலத்தின் அடியில் நுழைகிறது. இரண்டும் இரண்டு நிர்வாகம். ஒருவர் போடும் கடிதத்தை மற்றவர் பிரிப்பதில்லை. ஐம்பத்தேழு வருடமாக இரண்டு பாதையிலும் வண்டிகள் சிக்னலுக்காக அங்கே நின்றன. நிலையம் மட்டும் இல்லை. சட்டப்படி அங்கே யாரும் இறங்குவதில்லை. நடப்பில் வடக்கத்திய ஊர்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான் குதித்தார்கள். எட்டரை மீட்டர் மண்மேட்டில் ஓர் ஆட்டுப்பாதை வழியாகச் சறுக்கி இறங்கி, கீழ்ப்பாதை வண்டியின் கதவில் நிற்பவர் கையைப் பிடித்துத் தொங்கி ஏறினார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் ஷர்பானு மண்வெட்டி எடுத்துப்போய் அந்தப் பாதையில் படி வெட்டுவாள். ஒவ்வொரு மார்ச்சிலும் அது கரைந்து போகும்.

தங்கை கலம்காஸ் அவளைவிட ஐந்து வயது இளையவள். சர்க்கரை நோயில் 2013இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. நகரத்தில் ஒரு நாடகக் கொட்டகையில் உடுப்பு தைக்கும் வேலை. ஞாயிறு மதியம் போவாள், வெள்ளி மாலை வருவாள். 2022 பிப்ரவரி 6 அன்று அந்த மேட்டில் பனிக்கட்டியில் வழுக்கினாள். அவள் பாதி வழியில் ஒரு புதரைப் பிடித்து நின்றுவிட்டாள். செயற்கைக் கால் மட்டும் கழன்று அடிவாரம்வரை தனியாகப் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். கலம்காஸும் சிரித்தாள். "எனக்கு முன்னாடி அது டிக்கெட் வாங்கப் போயிடுச்சு" என்றாள். ஷர்பானு சிரிக்கவில்லை. கீழே போய்க் காலை எடுத்து, பனியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று வண்டியில் ஏறுமுன் கலம்காஸ் சொன்னாள்: "அக்கா, இதுதான் கடைசிக் குளிர்காலம். ஸ்டேஷன் நவம்பர்ல திறக்கலேன்னா வேலையை விட்டுட்டு வந்துடுவேன். வீட்ல உக்காந்து உன் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பேன். சம்மதமா?"

நிலையம் அப்போது பாதி எழும்பியிருந்தது. மேலே ஒரு பிளாட்பாரம், கீழே ஒரு பிளாட்பாரம், நடுவே படிக்கட்டும் மின்தூக்கியும். கீழ்ப் பிளாட்பாரத்தின் நீளம் முந்நூறு மீட்டர்.

அந்த முந்நூறு மீட்டரின் கதியைத்தான் செப்டம்பர் 14 அன்று அவள் கட்டுமானத் தலைவர் ஒரின்பசாரிடம் சொல்லப் போனாள். அவரை எல்லோரும் ஒரெக்கே என்பார்கள். கன்டெய்னர் அறையில் உட்கார்ந்து பாலூற்றிய தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரெக்கே, உங்க பிளாட்பாரம் குழிக்குள்ள கிடக்குது."

"உக்காருங்க ஷெக்கே. தேநீர் ஊத்தட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். கிழக்கு முனையில முப்பத்திநாலு சென்டிமீட்டர் குறையுது."

"வரைபடத்துல குறையலியே." அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த தாளைத் தட்டினார். "வரைபடப்படி ஊத்தினோம், மில்லிமீட்டர் பிசகல. உங்க தண்டவாளம்தான் மேல ஏறி உக்காந்திருக்கு. இறக்கிடுங்க."

"இறக்கிடவா? அது என்ன அடுப்புல வச்ச சட்டியா, துணியைச் சுத்திப் பிடிச்சு இறக்கி வைக்க? இறக்கினா ஏப்ரல்ல வண்டி சேத்துல நீந்தும்."

"அப்ப வசந்தம் வரட்டும், பேசுவோம். அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி ஸ்டேஷனை ஏத்துக்க கமிட்டி வருது. உங்க கையெழுத்தும் வேணும். ஆறு கையெழுத்துல உங்களது நாலாவது. மறந்துடாதீங்க."

"அளந்தது யாரு?"

ஒரின்பசார் சலித்துக்கொண்டே ஒரு ஃபைலை இழுத்து அவள் முன்னே போட்டார். அளவை எடுத்தவர் அல்தியார். நாள் 2019 ஜூலை 17. முதல் புள்ளி பாலத்தூணில் உயரம் குறித்த கல் அருகே. தண்டவாளத் தலை 1983ஆம் ஆண்டு வரைபடத்தோடு ஒப்பிட்டதில் வேறுபாடு பூஜ்யம். அதற்குக் கீழே ஒரே வரி: 'மற்றப் புள்ளிகள் வரைபடத்தின்படி.'

ஷர்பானு அந்த வரியை மூன்று முறை படித்தாள். ஃபைலை மூடினாள். அவள் முகம் ஒருமாதிரி ஆனதைப் பார்த்து ஒரின்பசார் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காற்றில் நாற்பத்துமூன்று டிகிரி. தண்டவாளத்தில் வைத்த வெப்பமானியில் அறுபத்தொன்று. தண்டவாளம் அறுபதைத் தாண்டினால் அவள் தன் பதினாலு கிலோமீட்டர் வரம்பு முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். அப்படி நடந்து வரும்போது வெட்டவெளியில் முக்காலியை நட்டுக்கொண்டு ஓர் இளைஞன் தள்ளாடி நின்றான். உதடு வெடித்திருந்தது. அவள்தான் தன் குடுவையிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொள்ள, தயிரை உப்பிட்டு உலர்த்திய குர்த் உருண்டை நாலும் கொடுத்தாள். "எதுக்குடா சாகுற? பாலத்து நிழல்ல நின்னு அளந்துட்டுப் போயேன்" என்று சொன்னதும் அவள்தான். அவன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனான்.

பாலத்துக்கு அடியிலும் அதை ஒட்டிய நூற்றுப் பத்து மீட்டரிலும் மட்டும் தண்டவாளத்தை எந்தக் காலத்திலும் தூக்கியதில்லை. தூக்கினால் வண்டியின் கூரை பாலத்தில் இடிக்கும். ஆகவே அந்தப் பதினாலு கிலோமீட்டரில் 1983ஆம் ஆண்டுத் தாளும் தரையும் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது அந்த நிழல்.

எண்ணை வாங்கி அங்கேயே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அல்தியார் இப்போது தலைநகரத்தில் பெரிய அலுவலகத்தில் இருந்தான்.

"யாரு?"

"உனக்கு மோர் குடுத்தவ."

"அய்காஸ் அக்காவா? நல்லா இருக்கீங்களா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீ மத்தப் புள்ளியெல்லாம் எங்கடா அளந்தே?"

"அக்கா, அன்னிக்கு அந்த வெயில்ல கண்ணாடி வழியா பாத்தா அளவுகோல் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி ஆடிச்சு. ஒரு நம்பர் கூடத் தெரியல."

"சாயங்காலம் எடுக்கிறது."

"சாயங்காலம் வண்டி பிடிக்கணும். அடுத்த வண்டி மூணு நாள் கழிச்சு."

"அதனால பொய்யா எழுதிட்ட."

"பொய் இல்லக்கா. அளந்த இடம் சரியாத்தானே இருந்துச்சு. ஒரு இடம் அச்சு அசலா இருந்தா மத்ததும் இருக்கும்னு நெனச்சேன்."

"என்கிட்டப் பதிவேடு இருந்துச்சேடா! மூணு தடவை தூக்கினது, தேதியோட! கேட்டியா?"

"நீங்க சொன்னீங்களா?"

அவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"நிழல்ல நிக்கச் சொன்னதும் நீங்கதானேக்கா" என்றான் அவன். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே பயந்த குரல். அது அவளை இன்னும் எரித்தது. தொலைபேசியை ஒரின்பசார் மேசையில் வீசியதில் தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்து வரைபடத்தின்மேல் ஓடியது.

"நல்லா நனையட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியை அங்கே ஜன்னல் என்பார்கள். மறுநாள் நாற்பது நிமிட ஜன்னல் ஒன்று கிடைத்தது. இருபது மீட்டருக்கு ஒன்றாகப் பதினாறு இடத்தில் அளந்தாள், த்சோய் எழுதினார். மேற்கே பாலத்தடியிலிருந்து நூற்றுப் பத்து மீட்டர்வரை எல்லாம் சரி. அதற்கப்பால் ஒவ்வோர் இடத்திலும் குறைவு கூடிக்கொண்டே போயிற்று. நகரத்துக்குப் போகும் வண்டியில் வசதியான பெட்டிகள் முன்னால், பாலத்தருகே நிற்கும். பொதுப்பெட்டிகள் வால்பக்கம், பள்ளத்தில் நிற்கும். அங்கே கீழ்ப்படி தொடை உயரம்.

அந்தத் தாளை நகலெடுத்து ஒன்பது இடத்துக்கு அனுப்பினாள். எட்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒன்பதாவது இடம் அவள் கடிதத்தை ஒரின்பசாருக்கே அனுப்பி 'நடவடிக்கை எடுக்கவும்' என்றது.

அக்டோபர் 21, வெள்ளி. நகரத்திலிருந்து கலம்காஸ் மேட்டின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும், காத்திருந்த அக்காவோடு அங்கேயே பேச்சு முற்றியது. நிலையம் கண்ணாடியும் விளக்குமாகத் தலைக்கு மேலே நின்றது. வாசலில் கம்பி கட்டியிருந்தார்கள்.

"நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்னியாமே?"

"யார் சொன்னா?"

"வண்டி பூரா அதான் பேச்சு. ஷர்பானு ஸ்டேஷனைத் திறக்க விடமாட்டாளாம். பக்கத்துல உக்காந்திருந்தவ என் முன்னாடியே உன்னைத் திட்டுறா. நானும் சேர்ந்து திட்டினேன்."

"உனக்காகத்தாண்டி! ஒத்தைக் காலோட தொடை உயரம் ஏறுவியா நீ?"

"இப்ப மட்டும் எதுல ஏறுறேன்? தங்கப் படியிலயா?" கலம்காஸ் கைத்தடியால் மேட்டைக் காட்டினாள். "முப்பத்திநாலு சென்டிமீட்டர்னு ஒரு மாசமா புலம்புறியே, எனக்கு எட்டரை மீட்டர் மிச்சமாகுதுக்கா! எட்டரை மீட்டர்! அதுக்குக் கணக்குப் போடத் தெரியாதா உனக்கு?"

"கையெழுத்துப் போட்டுட்டா அப்படியே விட்டுடுவாங்க. எவனும் திரும்பி வந்து கட்டமாட்டான். உன்னை மாதிரி எத்தனை பேர் விழுவாங்க?"

"விழட்டும். நான் ஒன்பது வருஷமா விழுந்துக்கிட்டிருக்கேன். என்னைக் கேட்டுட்டா இந்த மேட்டைக் கட்டினாங்க?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "தப்பு உன்மேலயும் இருக்கு. அதான் உனக்கு இவ்வளவு ஆத்திரம். இல்லேன்னு சொல்லு பாப்போம்."

ஷர்பானு தங்கையின் பையை வாங்கித் தோளில் போட்டாள். இருவரும் மேடு ஏறினார்கள். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. மூன்று இடத்தில் கலம்காஸ் கையை ஊன்றித் தவழ்ந்து ஏறினாள்.

அக்டோபர் 28, காலை பதினொரு மணி. கமிட்டி தனி வண்டியில் வந்தது. அந்த வண்டிக்கு இரண்டே பெட்டி. பாலத்தை ஒட்டி நின்றது. எல்லோரும் ஒரு படி இறங்குவதுபோல லேசாக இறங்கினார்கள். "அருமையான உயரம்" என்றார் ஒருவர். மேலே போனார்கள், மின்தூக்கியில் கீழே வந்தார்கள், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டையும் தேநீரும் சாப்பிட்டார்கள். ஏற்புப் பத்திரம் மேசைக்கு வந்தது. முதல் மூன்று கையெழுத்தும் விழுந்தன.

நாலாவது இடத்தில் ஷர்பானு பேனாவை எடுத்தாள். ஒரின்பசார் அவள் தோளருகே குனிந்து மெல்லச் சொன்னார்: "ஷெக்கே, இன்னிக்கு நல்ல நாள். கெடுத்துடாதீங்க."

"பத்திரத்துல கையெழுத்துக்கு மேல 'சிறப்புக் குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு?"

"அதுல எல்லாரும் 'இல்லை'ன்னு எழுதுவாங்க."

"எனக்கு இருக்கு."

கட்டம் சிறியது. அவள் எழுத்தும் சிறியது. நின்றபடியே பதினோரு நிமிடம் எழுதினாள். எழுதியது இது: கீழ்ப் பிளாட்பாரத்தில் பாலத்திலிருந்து நூற்றுப் பத்து மீட்டர் மட்டும் பயணிகளுக்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அங்கே நிற்கும் முன் நான்கு பெட்டிகளின் கதவுகள் மட்டும் திறக்க வேண்டும். மீதி நூற்றுத் தொண்ணூறு மீட்டர் தடுப்புக்கட்டை வைத்து மூடப்படும். உயர்த்திக் கட்டும்வரை ஏற்றுக்கொள்ளப்படாது. பதினாறு அளவுகள் இணைப்பில். காரணம்: 17.7.2019 அன்று பால நிழலில் ஓர் இடம் மட்டும் அளக்கப்பட்டது. நிழலில் நிற்கச் சொன்னவள் நான். தண்டவாளம் தூக்கிய பதிவேடு என்னிடம் இருந்தும் அன்று கொடுக்கவில்லை.

அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஒரின்பசார் படித்தார். கழுத்து சிவந்தது. "இது என்ன பத்திரமா, பாவமன்னிப்பா? முந்நூறு மீட்டர் கட்டிட்டு நூத்திப்பத்து மீட்டருக்குக் கையெழுத்து வாங்கிட்டுப் போனா என்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"மீதியைக் கட்டச் சொல்லுவாங்க."

"உன்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா?" மரியாதை எல்லாம் போய்விட்டது.

"அதை நானே எழுதிக் குடுத்திருக்கேனே. படிச்சீங்கள்ல?"

ஐந்தாவது கையெழுத்து போக்குவரத்துப் பிரிவின் அம்மையாருடையது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குறிப்பை இரண்டு முறை படித்தார். "நாலு பெட்டிக் கதவு திறந்தா போதும்னா, எனக்கு ஆட்சேபம் இல்ல. என் பாதையில பாதி ஸ்டேஷன் அப்படித்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆறாவதும் விழுந்தது. குறிப்பை அடிக்க இனி யாராலும் முடியாது. அடித்தால் ஆறு பேரும் மறுபடி வர வேண்டும்.

நவம்பர் 4ஆம் தேதி ஆணை வந்தது. ஷர்பானு மேஸ்திரி பொறுப்பிலிருந்து நீக்கம், வரம்பு நடந்து பார்க்கும் ஊழியர், பதவி த்சோய்க்கு. த்சோய் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

"வேணாம்னு எழுதிடவா ஷெக்கே?"

"எழுதினா வேற எவனாவது வருவான். வாங்கிக்கோ. நாளைக்கு தடுப்புக்கட்டையை நல்லா ஊணி வை."

கோபம் தணியவில்லை. ஒரின்பசார் மீது, அந்தப் பயல் மீது, எட்டுக் கடிதத்தையும் பிரிக்காதவர்கள் மீது, தன் மீது. ஆனால் நவம்பர் 6, நிலையம் திறந்த ஞாயிறு மதியம், மேல்வண்டி நின்றதும் அவள் கீழே மின்தூக்கி வாசலில் போய் நின்றாள். கதவு திறந்தது. கலம்காஸ் கைத்தடியும் பையுமாக வெளியே வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். மேலிருந்து கீழே வந்து சேர ஒரு நிமிடம் பத்து வினாடி ஆகியிருந்தது.

"வேர்க்கவே இல்ல" என்றாள். "ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு."

பன்னிரண்டு நாற்பத்தாறுக்குக் கீழ்வண்டி வந்தது. நாலாவது பெட்டியின் கதவில் கலம்காஸ் கைத்தடியை ஊன்றினாள், நல்ல காலை வைத்தாள், மற்றதை இழுத்துக்கொண்டாள். யாரும் கை கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை. ஷர்பானுவின் கை மட்டும் காற்றில் நீட்டியபடியே நின்றது.

"என் சீட்டு எத்தனாவது பெட்டி தெரியுமா?" உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பத்தாவது! ஆறு பெட்டி நடக்கணும்! ஊரார் மூட்டை முடிச்சு மேலெல்லாம் ஏறி! ஒத்தைக் காலோட!"

"நடடி! நான் என்ன பண்ணட்டும்?"

"மீதியை எப்பக் கட்டுவானுங்க?"

"மே மாசம்னு சொல்றானுங்க."

"நம்புறியா?"

"இல்ல."

வண்டி எட்டு நிமிடம் நிற்கும். கலம்காஸ் உள்ளே பெட்டி பெட்டியாக நடந்தாள். ஷர்பானு வெளியே தடுப்புக்கட்டையைத் தாண்டி, மூடிய பிளாட்பாரத்தில் அவளோடு கூடவே நடந்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் தங்கையின் தலைத்துணி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் யாரையோ திட்டும் குரல் கேட்டது. நடக்க நடக்க ஜன்னல்கள் உயர்ந்துகொண்டே போயின. பத்தாவது பெட்டிக்கு வந்தபோது ஷர்பானு தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

மேலே ஜன்னல் கண்ணாடி இறங்கியது. கலம்காஸ் முகம் வியர்த்துச் சிவந்திருந்தது.

"அக்கா! ஒரெக்கேவுக்கு அடுத்த கடிதம் எப்பப் போடுற?"

"நாளைக்கு."

"என் பேரையும் சேர்த்துப் போடு. பத்தாவது பெட்டின்னும் எழுது. வெள்ளிக்கிழமை நான் வர்றதுக்குள்ள பதில் வரலேன்னா ரெண்டு பேருமா போய் அவர் வீட்டு வாசல்ல கத்துவோம்."

"நீ வருவியா? வெள்ளிக்கிழமை?"

"வராம? வேலைக்குப் போறேன்ல? போனா வந்துதானே ஆகணும்!"

வண்டி நகர்ந்தது. ஷர்பானு சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் ஒரு தாளையும் எடுத்து, கடிதத்தின் முதல் வரியை உள்ளங்கையில் வைத்தே எழுத ஆரம்பித்தாள்.